சூரிச் – ஹீத்ரோ: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு வழிகாட்டி

போன சித்திரையில் லண்டன் ஹாரோவில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். விண்டர்தூரில் இருக்கும் மாமிக்கு நான்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினேன். அன்றிரவே போன் வந்தது.

"தம்பி, போகேக்க அம்பது நிமிசமெண்டு கிடக்கு. வரேக்க ரெண்டு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும். வரேக்க எங்கயும் இறங்கி மாறவேணுமோ? எனக்கு இந்தக் காலோட அது ஏலாது."

மாற வேண்டியதில்லை. ஆனால் மாமி கேட்டது நியாயமான கேள்வி. ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலரும் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள். தூரம் என்று தேடினால் ஒரு தளம் 788 என்கிறது, இன்னொன்று 490, மற்றொன்று 426. நேரம் என்று பார்த்தால் ஒன்றே கால் மணி என்று ஒருவர் சொல்வார், டிக்கெட்டில் ஒன்றே முக்காலுக்கு மேல் இருக்கும், வீட்டிலிருந்து போய்ச் சேர அரை நாள் ஆகியிருக்கும். இவற்றில் எதுவும் பிழையில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். சூரிச் – ஹீத்ரோ பாதையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வேறு எந்த இரண்டு ஐரோப்பிய விமான நிலையங்களுக்கும் இதே முறைதான்.

முதலில், எந்த "லண்டன்"?

ஊருக்கு ஊர் தூரம் பார்க்காதீர்கள். விமான நிலையத்துக்கு விமான நிலையம் பாருங்கள். லண்டன் என்ற பெயரில் ஹீத்ரோ, கேட்விக், லூட்டன், ஸ்டான்ஸ்டெட், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு இருக்கின்றன. தேடும் பெட்டியில் எல்.ஓ.என். என்று போட்டால் அது நகரத்துக்கான குறியீடு. எல்லாம் சேர்ந்து வரும். ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்., சூரிச்சுக்கு இசட்.ஆர்.எச். இந்த மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடினால்தான் சரியான விடை.

சூரிச்சிலிருந்து ஹீத்ரோ 788 கி.மீ., சிட்டி சுமார் 760, கேட்விக் சுமார் 755. பார்த்தால் முப்பது கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். வானத்தில் அது இரண்டு மூன்று நிமிடம். தரையில்தான் வித்தியாசம் தெரியும். நான் லண்டனுக்குப் போன முதல் தடவை மலிவாக இருக்கிறதே என்று ஸ்டான்ஸ்டெட்டுக்கு எடுத்துவிட்டேன். போக வேண்டிய இடம் ஹாரோ. நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணிக்கு மேல், அங்கிருந்து பாதாள ரயிலில் இன்னொரு முக்கால் மணி. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ரயில்காரன் வாங்கிக்கொண்டான். ஆகவே போகும் வீடு எங்கே என்று பார்த்து நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹாரோ, வெம்பிளி, சவுத்தால் என்றால் ஹீத்ரோ, லூட்டனும் பரவாயில்லை. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் என்றால் சிட்டி அல்லது ஸ்டான்ஸ்டெட். குரொய்டன், மிட்சம் பக்கம் என்றால் கேட்விக்.

இது லண்டனுக்கு மட்டுமான சங்கதி இல்லை. "பாரிஸ் பொவே" பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். "பிராங்ஃபர்ட் ஹான்" பிராங்ஃபர்ட்டிலிருந்து நூறைத் தாண்டும். பெயரை நம்பி ஏறாதீர்கள்.

தூரத்தை அளப்பது

விமானத் தூரம் என்று தளங்கள் தருவது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எவ்வளவு வருமோ அதுதான். சாலை வழியாக இதே பயணம், கடலைத் தாண்டுவதையும் சேர்த்து, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர்.

788, 490, 426 என்ற குழப்பம் வெறும் அலகுச் சிக்கல். 788 கிலோமீட்டர், 490 மைல், 426 கடல் மைல் மூன்றும் ஒன்றே. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகள் பேசுவது கடல் மைலில். எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

தளம் சொல்வதை நம்பாதவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவுக்குள் இருக்கும் சின்னத் தூரங்களுக்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஹீத்ரோ இருப்பது வடக்கே 51.47 பாகை, மேற்கே 0.45 பாகை. சூரிச் வடக்கே 47.46, கிழக்கே 8.55. அட்சரேகை வித்தியாசம் 4.01 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 445 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 9 பாகை. ஆனால் வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கி வரும், அதனால் இதை நேரே 111ஆல் பெருக்கக் கூடாது. இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சரேகை 49.5 பாகை; அதன் கோசைன் 0.65. 9 × 111 × 0.65 என்றால் 649 கி.மீ. இனி பைதகரஸ். 445இன் வர்க்கத்தையும் 649இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 787. கணினி தரும் விடைக்கு ஒரு கிலோமீட்டர்தான் குறைவு. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கணக்குப் பாடத்தால் ஏதோ பிரயோசனம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். சூரிச் – கொழும்பு போன்ற நெடுந்தூரத்துக்கு இந்தக் குறுக்குவழி சரிவராது. அதற்குக் கோளக் கணக்குத்தான் வேண்டும்.

விமானம் அந்த நூல் பிடித்த கோட்டிலேயே போவதும் இல்லை. கிளம்பும் ஓடுபாதை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஏறி, பிறகு திரும்பி, வகுத்து வைத்த வான்வழிகளைப் பிடித்து, இறங்கும் ஓடுபாதைக்கு நேராக வர வேண்டும். காற்று மேற்கிலிருந்து வீசும் நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், ஹீத்ரோவில் மேற்கு நோக்கித்தான் இறக்குவார்கள். அப்போது சூரிச்சிலிருந்து வரும் விமானம் லண்டனின் கிழக்குப் பக்கத்துக்குச் சென்று, நகரத்துக்கு மேலாக வந்து இறங்கும். வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் தேம்ஸ் ஆறும் நகரத்தின் நடுப்பகுதியும் தெரியும். மாமிக்கு அந்தப் பக்கத்தில்தான் இடம் போட்டேன். சூரிச்சில் பாதையைத் தீர்மானிப்பதில் அரசியலும் உண்டு. விமானங்கள் தன் எல்லைக்குள் தாழப் பறந்து இரைச்சல் போடுவதற்குப் பக்கத்து நாடான ஜெர்மனி நேரக் கட்டுப்பாடு போட்டதால், 2003 முதல் விடிகாலையில் வருகிற விமானங்கள் தெற்குப் பக்கமாக, சூரிச் வீடுகளின் கூரைகளுக்கு மேலாக இறங்குகின்றன. எனவே பறக்கும் தூரம் அளக்கும் தூரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரத்துக்குப் போனபின் வழக்கமாகப் பறக்கும் வேகம் மணிக்கு 830 கி.மீ. அளவில். 788ஐ 830ஆல் வகுத்தால் 57 நிமிடம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டுமே? போகாது. குறுகிய பயணத்தில் அந்த வேகத்தில் பறக்கும் நேரமே குறைவு.

35,000 அடி உயரத்திலிருந்து இறங்க, ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் மனக்கணக்கு. 105 கடல் மைல், அதாவது 194 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே தூரம் பிடிக்கும். ஆக 788இல் பாதியை ஏறுவதும் இறங்குவதுமே தின்றுவிடும். தேநீர் வண்டி உங்கள் வரிசைக்கு வந்து சேரும்போது "இறங்கப் போகிறோம், இடுப்புப் பட்டி போடுங்கள்" என்று அறிவிப்பது இதனால்தான். உண்மையில் சக்கரம் தரையை விட்டு மறுபடி தரையைத் தொடும்வரை இந்தப் பாதையில் ஒன்றே கால் மணி நேரம் அளவில் ஆகும்.

டிக்கெட்டில் போடுவது அதையும் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகர்வதிலிருந்து, மறு நிலையத்தில் நின்று கட்டை வைக்கும் வரைக்குமான நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் வாசலைத் தேடிப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே இரண்டு ஓடுபாதை. நெரிசல் நேரத்தில் இறங்க இடம் கிடைக்கும்வரை போவிங்டன், லாம்போர்ன், பிகின் ஹில், ஓக்கம் என்ற நாலு இடங்களுக்கு மேலே விமானங்களை அடுக்கடுக்காகச் சுற்ற விடுவார்கள். ஒரு சுற்றுக்கு நாலைந்து நிமிடம். ஜன்னலில் ஒரே வயல் இரண்டு தடவை வந்தால் பயப்பட வேண்டாம், வழி தவறவில்லை. விமான நிறுவனங்களும் இதையெல்லாம் நினைத்து நேர அட்டவணையில் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. "பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டோம்" என்று பெருமையாக அறிவிப்பார்களே, அந்தப் பத்து நிமிடம் முன்கூட்டியே சேர்த்து வைத்ததுதான்.

மனக்கணக்காக ஒரு வழி வேண்டுமென்றால், கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, வருவதோடு நாற்பது நிமிடத்தைக் கூட்டுங்கள். 788க்கு ஏறத்தாழ ஒரு மணி நாற்பது நிமிடம். டிக்கெட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். சின்னச் சின்னப் பறப்புகளில் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாபா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ.தான், இரண்டே நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே போய் நாற்பது நிமிடத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

காற்றும் கடிகாரமும்

மாமியின் டிக்கெட்டில் இருந்தது இது: சூரிச்சில் காலை 10:00க்குக் கிளம்பி ஹீத்ரோவில் 10:50, திரும்பும்போது ஹீத்ரோவில் பிற்பகல் 2:00, சூரிச்சில் 4:40.

டிக்கெட்டில் வரும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. லண்டன் சூரிச்சுக்கு ஒரு மணி நேரம் பின்னால். சூரிச்சில் 10:00 என்றால் லண்டனில் 9:00. 9:00 முதல் 10:50 வரை, ஒரு மணி ஐம்பது நிமிடம். திரும்பும்போது லண்டன் 2:00 என்பது சூரிச்சில் 3:00. அங்கிருந்து 4:40 வரை ஒரு மணி நாற்பது. மேற்கே போனால் ஒரு மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள், கிழக்கே வந்தால் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரே கணத்தில் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த ஒரு மணி வித்தியாசம் வருடம் முழுக்க மாறாது. இஸ்தான்புல் அப்படியில்லை. துருக்கி கடிகாரத்தை மாற்றுவதை 2016இல் நிறுத்திவிட்டது. சூரிச்சோடு கோடையில் ஒரு மணி, குளிரில் இரண்டு மணி வித்தியாசம்.

சரி, கடிகாரத்தைச் சரிசெய்த பிறகும் போவதற்குப் பத்து நிமிடம் கூட இருக்கிறதே? அது காற்று. இந்த உயரத்தில் ஐரோப்பாவின் மேல் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் 830 வேகம் தரையைப் பொறுத்து 730 ஆகிவிடும்; பின்காற்று என்றால் 930. இந்தத் தூரத்துக்கு அது பத்துப் பதினைந்து நிமிடம். குளிர்காலத்தில் காற்று பலமாக இருக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்

உண்மையில் திட்டம் போட வேண்டியது இதற்குத்தான், பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான். நானும் கூடப் போன மாமியின் பயணத்தை அப்படியே தருகிறேன். காலை 7:15க்கு விண்டர்தூர் வீட்டிலிருந்து புறப்பட்டார். ரயில் கால் மணி நேரம். 7:50க்கு விமான நிலையம். பெட்டி போட்டு, பாதுகாப்புச் சோதனை. கைப்பையில் வைத்திருந்த மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் அங்கே நின்றுவிட்டது. ஊறுகாயும் அவர்களுக்குத் திரவம்தான். நூறு மில்லிலிட்டருக்கு மேல் என்றால் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். மிளகாய்த்தூளுக்குப் பிரச்சினை வரவில்லை.

அடுத்தது கடவுச்சீட்டு. தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் பிரித்தானியா இல்லை, அதனால் உள்நாட்டுப் பறப்பு மாதிரி நேரே வாசலுக்குப் போய்விட முடியாது. சூரிச்சில் லண்டன் விமானத்துக்கு "ஈ" (E) என்ற எழுத்துப் போட்ட வாசல்கள் கிடைத்தால், ஓடுபாதைக்கு அடியில் போகும் ஸ்கைமெட்ரோ ரயிலில் ஏற வேண்டும். மூன்று நிமிடப் பயணம். நடுவில் மாட்டு மணியும் மாடு கத்தும் சத்தமும் ஒலிபெருக்கியில் வரும். மாமி திடுக்கிட்டு என் கையைப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. விமான வாசலைக் கிளம்பும் நேரத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். 10:00 விமானம் என்றால் 9:40க்கு வாசலில் நிற்க வேண்டும் என்று அர்த்தம், 9:40க்கு ஸ்கைமெட்ரோவுக்குக் காத்திருக்கலாம் என்று அல்ல.

அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்து கதவு மூடிய பிறகும் விமானம் நகரவில்லை. "ஸ்லொட்டுக்குக் காத்திருக்கிறோம்" என்று விமானி சொன்னார். புதியவர்களுக்கு இது புரியாது. வானத்தில் அல்லது இறங்கும் நிலையத்தில் நெரிசல் என்றால், பிரஸ்ஸெல்ஸில் இருக்கும் யூரோகண்ட்ரோல் ஒவ்வொரு விமானத்துக்கும் இத்தனை மணிக்கு மேலெழும்பலாம் என்று நேரம் குறித்துக் கொடுக்கும். அதற்கு ஐந்து நிமிடம் முன்பும் பத்து நிமிடம் பின்பும்தான் சலுகை. அதனால் தயாராக இருந்தாலும் தரையில் நிறுத்தி வைப்பார்கள்.

அப்படியும் 10:55க்கு ஹீத்ரோ வாசலில் நின்றது விமானம். நடை, கடவுச்சீட்டு வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 11:45. காரில் ஹாரோ வீட்டுக்கு 12:40. கடிகார வித்தியாசத்தைக் கூட்டினால் மொத்தம் ஆறு மணி இருபத்தைந்து நிமிடம். அதில் வானத்தில் இருந்தது ஒன்றே கால் மணி.

அழைத்துப்போக வருகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கைப்பேசியில் "இறங்கிவிட்டது" என்று காட்டியதும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடாதீர்கள், நிமிடக் கணக்கில் காசு பிடுங்கும். பெட்டியோடு வருகிறவர் என்றால் இறங்கியதிலிருந்து நாற்பது, ஐம்பது நிமிடம் கழித்து எதிர்பாருங்கள். சூரிச்சில் நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான், அந்தப் பக்கம் கவலையில்லை. ஹீத்ரோவிலிருந்து பெடிங்டனுக்கு விரைவு ரயில் கால் மணி நேரம். மலிவான பிக்கடில்லி பாதாள ரயிலில் நகரத்துக்கு ஒரு மணி நேரம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலிலேயே போகலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சூரிச் – பாரிஸ் நாலு மணி நேரம், பாரிஸ் – லண்டன் இரண்டே கால் மணிக்குக் கொஞ்சம் மேல், நடுவில் பாரிஸில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும். மொத்தம் எட்டு மணி நேரம் அளவில். ஆறரை மணியோடு ஒப்பிட்டால் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. ஊறுகாயும் பறிபோகாது. ஆனால் மாமியின் காலுக்கு அது ஒத்துவராது.

இந்தக் கணக்கையெல்லாம் போடுமுன் தாள்களைப் பாருங்கள். சுவிஸ் வதிவிட அட்டை இருந்தாலும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்குப் பிரித்தானிய விசா வேண்டும். சுவிஸ் கடவுச்சீட்டுக்காரருக்கும் 2025 ஏப்ரல் 2 முதல் இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி தேவை. லண்டனிலிருந்து சூரிச்சுக்கு வரும் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரரிடம், இங்கே வதிவிட உரிமை இல்லையென்றால், 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையின்படி கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். முதல் தடவை வருகிறவர்களோடு வரிசை நீளும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

தாமதமானால் தூரம் காசாகும்

788 கி.மீ. என்ற எண்ணைத் தெரிந்து வைத்திருப்பதன் நேரடிப் பலன் இங்கே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, விமான நிறுவனத்தின் பொறுப்பில் மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் நட்டஈடு உண்டு. அது டிக்கெட் விலையைப் பார்க்காது, தூரத்தைப் பார்க்கும். 1,500 கி.மீ. வரை 250 யூரோ. பிரித்தானியா இதே விதியைத் தன் சட்டத்தில் வைத்துக்கொண்டது; ஹீத்ரோவிலிருந்து கிளம்பும் 788 கி.மீ. பயணத்துக்கு 220 பவுண்ட். கடும் பனிமூட்டம், வான்வழிக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தம் போன்றவை என்றால் கிடைக்காது.

எந்தத் தூரம் என்பதற்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ரோமிலிருந்து பிரஸ்ஸெல்ஸில் மாறி ஹம்பர்க் போனவர்களின் வழக்கு அது. மாறிப் பறந்த தூரம் 1,656 கி.மீ., ரோம் – ஹம்பர்க் நேர்த்தூரம் 1,326. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான பெருவட்டத் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றது. 1,500ஐத் தாண்டினால் கிடைக்கும் 400 யூரோ இல்லை, 250 மட்டும்.

போய்ச் சேர்ந்த நேரம் எது என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்/பொன்னுக்குப் போன விமானம் ஓடுபாதையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். வாசலில் வந்து நின்றபோது 3 மணி 3 நிமிடம். ஐந்து நிமிடத்தில் 250 யூரோ தொங்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்று ஆகும் நேரமே வந்து சேர்ந்த நேரம் என்று 2014இல் தீர்ப்பு வந்தது.

ஆகவே தாமதம் மூன்று மணி நேரத்தை நெருங்குகிறது என்றால், கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். படத்தோடு நேரமும் பதிவாகிவிடும். ஏறும் அட்டையை வீட்டுக்குப் போனதும் குப்பையில் போடாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் தூரம் கேட்டால், இரண்டு மூன்றெழுத்துக் குறியீடுகளையும் போட்டுப் பெருவட்டத் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதுங்கள்.